கீபோர்டிலிருந்து கையை எடுத்த பிறகு

"சித்தி, பதினஞ்சை ரெண்டால பெருக்கினா முப்பதுதானே? இது 1515-னு சொல்லுது. கம்ப்யூட்டர் தப்பா பண்ணுது."

அக்கா மகள் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்க ஆரம்பித்து நாலாவது நாள். ஒரு எண்ணை வாங்கி, அதை இரட்டிப்பாக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. எட்டிப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, இன்புட்டைச் சுற்றி ஒரு 'இன்ட்' போட்டு, ஓட்டிக் காட்டினேன். 30 வந்தது. "இப்ப சரியா?" என்றேன். சரி என்றாள். எல்லாம் சேர்த்து இருபது வினாடி ஆகியிருக்கும்.

மூன்று நாள் கழித்து மறுபடி வந்தாள். இரண்டு எண்களை வாங்கிக் கூட்ட வேண்டும், 10-ம் 20-ம் கொடுத்தால் 1020 வருகிறது. அதே தவறு, உடை மட்டும் வேறு. அவளுக்கோ அது புத்தம்புதிய பிரச்சினையாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் உறைத்தது, முதல் தடவை நான் சரிசெய்தது அவளுடைய புரோகிராமை மட்டும்தான். அவள் மனதில் இருந்த கணக்கு அப்படியே இருந்தது.

இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்: "நீ 10-னு தட்டுற, அந்த வேரியபிளுக்குள்ள என்ன போகுதுன்னு நினைக்கிற?" அவள் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "10 தான், வேற என்ன?" என்றாள். இதுதான் முடிச்சு. எண்ணைத் தட்டினால் எண் உள்ளே போகும் என்பது யாரும் நம்பக்கூடிய விஷயம்தான். ஆனால் பைத்தானில் இன்புட் எப்போதும் எழுத்துகளின் வரிசையைத்தான், அதாவது ஸ்ட்ரிங்கைத்தான் தரும். கீபோர்டில் ஒன்று என்ற எழுத்தும் பூஜ்யம் என்ற எழுத்தும் தட்டப்பட்டன, அது அவற்றை அப்படியே வாங்கி வைத்திருக்கிறது. இரண்டு ஸ்ட்ரிங்குகளைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும், ஒரு ஸ்ட்ரிங்கை இரண்டால் பெருக்கினால் இரண்டு தடவை வரும். 'இன்ட்' போட்டால்தான் அது எண்ணாக மாறும். 1515 தப்பே இல்லை, அவள் சொன்னதை அது ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. 'டைப்' என்ற ஃபங்ஷனைக் காட்டி, அந்த வேரியபிளின் வகையை அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளே கேட்டாள், "அப்ப 25-ல இருந்து 1 கழிச்சா என்ன ஆகும்?" ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். எரர் வந்தது. ஏன் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் சத்தமில்லாமல் ஏதோ விடை வருகிறது, கழித்தலுக்கு மட்டும் எரர் வருகிறது என்று அவளே சொல்லி முடித்தாள். அந்தத் தவறை அதன் பிறகு அவள் என்னிடம் கொண்டுவரவே இல்லை.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வார இறுதி மாலைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கேட்கிறவர்களுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். அலுவலகத்தில் வேறு பிரிவுகளில் இருக்கிறவர்கள், குழந்தை வளர்ந்த பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்கள், கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்று பலரும் வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் வீடியோ காலில்தான். ஆசிரியர் பயிற்சி எதுவும் நான் பெற்றதில்லை, வேலையில் தினமும் கோடு, அதாவது புரோகிராம் வரிகள், எழுதுகிறவள், அவ்வளவுதான். யாருக்காவது சொல்லித்தர உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தனியாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வரும் எல்லோரிடமும் கறாராகக் கேட்கிறேன். ரன் பொத்தானை அழுத்துவதற்கு முன், திரையில் என்ன வரப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அல்லது நோட்டில் எழுத வேண்டும். முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுவார்கள். தப்பாகச் சொன்னால்தான் நமக்கு வேலையே நடக்கிறது என்பதைப் புரியவைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். ஊகித்ததும் வந்ததும் ஒன்றாக இருந்தால் அடுத்ததுக்குப் போகலாம். வேறாக இருந்தால், அந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், ஏனென்றால் மனதில் இருக்கும் இயந்திரமும் நிஜ இயந்திரமும் பிரியும் இடம் அதுதான். பின்னால்தான் தெரிந்தது, கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்சும் அவருடைய குழுவினரும் இதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள், 'பிரிம்' என்று பெயர்: முதலில் ஊகி, ஓட்டு, ஆராய், கொஞ்சம் மாற்று, கடைசியில் புதிதாகச் செய். நான் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடத்துக்கு ஏற்கெனவே பாதை போட்டு வைத்திருந்தார்கள் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. வெற்றுத் திரையில் ஆரம்பிப்பது கடைசிப் படி என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. நிறையப் பேர் அதையே முதல் படியாக வைத்துத் திணறுகிறார்கள்.

அடுத்தது, கையை எடுப்பது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும்போது கீபோர்டைத் தொடுவதே இல்லை. வீடியோ காலில் என் திரையைக் காட்டுவதில்லை, அவர்கள் திரையைத்தான் பார்க்கிறேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டு இருபது எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். இருபது வினாடி மௌனம் போனில் எவ்வளவு நீளமாக இருக்கும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில்தான் "ஓ, இருங்க இருங்க" என்ற குரல் பெரும்பாலும் வரும். ஐந்தாவது வினாடியில் நான் விடையைச் சொல்லியிருந்தால் அந்த 'ஓ' அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

எரர் செய்தி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகப் படிக்கிறவர்கள் சிவப்பு எழுத்தைக் கண்டதும் படிப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். "ஏதோ எரர் வருது" என்பார்கள். என்ன எரர் என்று கேட்டால் விண்டோவை மூடிவிட்டேன் என்பார்கள். அதனால் நான் முதல் வாரமே வேண்டுமென்றே எரர் வரவைக்கும் பயிற்சி ஒன்று கொடுப்பேன். நேம் எரர், டைப் எரர், வேல்யூ எரர், இண்டெக்ஸ் எரர், இண்டென்டேஷன் எரர், இந்த ஐந்தையும் தாங்களே எழுதி வரவைக்க வேண்டும். வரவைத்துப் பார்த்தவர்களுக்கு அது திட்டு மாதிரித் தெரிவதில்லை. படிக்கும் முறை சுலபம்: கடைசி வரியில் இருந்து மேலே போக வேண்டும். கடைசி வரியில் என்ன தவறு என்று இருக்கும், அதற்கு மேலே எந்தக் கோப்பில் எந்த வரி என்று இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர்களிடம், அந்தக் கடைசி வரியைத் தமிழில் ஒரு தடவை சொல்லச் சொல்வேன். 'இந்தப் பெயர் எனக்குத் தெரியாது', 'இந்த இரண்டையும் என்னால் கூட்ட முடியாது', 'அந்த இடத்தில் எதுவும் இல்லை'. இப்படிச் சொல்லிப் பழகினால் பயம் பாதி போய்விடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் வரி எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மூடாத அடைப்புக்குறி. பழைய பைத்தானில், மூன்றாவது வரியில் அடைப்பை மூட மறந்தால் நாலாவது வரியில் தவறு என்று காட்டும். நாலாவது வரியை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அழுகையோடு கூப்பிட்டவர்கள் உண்டு, அந்த வரியில் ஒரு குறையும் இருக்காது. 2021 அக்டோபரில் வந்த 3.10-இல் இதைத் திருத்தினார்கள், இப்போது திறந்த அடைப்பு மூடப்படவில்லை என்று திறந்த இடத்தையே காட்டுகிறது. பெயரை ஒரு எழுத்து மாற்றித் தட்டினால் 'இதையா சொன்னீர்கள்' என்று கேட்பதும் அந்தப் பதிப்பில் வந்ததுதான். அதனால் யாராவது உதவி கேட்டால் முதல் கேள்வியே என்ன பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். பழையதாக இருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

பதிப்பு என்றதும் இன்னொன்று. படிக்கும் குறிப்புகள் எந்தக் காலத்தவை என்றும் பார்க்க வேண்டும். பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். அதற்கு முந்தைய 2-ஆம் வரிசைக்கு ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. நடுவில் பதினோரு வருடம் இரண்டும் சேர்ந்தே ஓடின, அந்தக் காலத்துப் பாடங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றில் பிரிண்ட்டுக்கு, அதாவது திரையில் காட்டச் சொல்லும் கட்டளைக்கு, அடைப்புக்குறி இருக்காது. ஒரு பெண் முதல் நாள் முதல் வரியிலேயே எரர் வந்து, தனக்கு இது வராது என்று மூடி வைத்துவிட்டு, நாலு மாதம் கழித்து என்னிடம் வந்தார். அவர் எழுதியதில் தவறே இல்லை, பழைய பாடத்தைப் புதிய பைத்தானில் ஓட்டியிருக்கிறார். அந்த நாலு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

உதவி கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடைப் படமாக எடுத்து அனுப்பாதீர்கள், எழுத்தாகவே அனுப்புங்கள், எரர் செய்தியை முழுசாக ஒட்டுங்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அந்த மூன்றாவது வரியை எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது, "பரவாயில்லை, கண்டுபிடிச்சிட்டேன்" என்று அடுத்த செய்தி வரும். வேர்டு மாதிரி இடங்களில் கோடை ஒட்டி எடுக்காதீர்கள், நேரான மேற்கோள் குறியை அது வளைந்த குறியாக மாற்றிவிடும், பைத்தானுக்கு வளைந்தது தெரியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சத்தம் போடும் தவறுகள். என்னை அதிகம் கவலைப்படுத்துபவை சத்தமே போடாதவை. 'எண் 3 அல்லது 5 ஆக இருந்தால்' என்பதை நாம் பேசுகிற மாதிரியே, எண் == 3 ஆர் 5 என்று எழுதிவிடுவார்கள். எரர் வராது, எந்த எண்ணைக் கொடுத்தாலும் உண்மை என்றே வரும். ஏனென்றால் பைத்தான் அதை 'எண் 3-க்குச் சமமா, அல்லது 5 உண்மையா' என்று இரண்டு கேள்வியாகப் படிக்கிறது, பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் அதற்கு உண்மைதான். இரண்டு பக்கமும் முழு ஒப்பீட்டை எழுத வேண்டும். இதே மாதிரி, லிஸ்ட்டை வரிசைப்படுத்தி அதே பெயரில் திரும்ப வைத்தால் லிஸ்ட்டே காணாமல் போய் 'நன்' (எதுவும் இல்லை என்பதற்குப் பைத்தானின் சொல்) என்று நிற்கும், வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு எதையும் திருப்பித் தராது என்பதால். எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச், 1, 10 என்றால் 9-உடன் நிற்பதும் இந்த வகைதான், இரண்டு நாளில் பழகிவிடும்.

ஆனால் ரிட்டர்னுக்கும் பிரிண்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நாளில் பழகாது. இதில் நான் பார்த்த அளவு மனவருத்தம் வேறு எதிலும் பார்த்ததில்லை. பயிற்சி கொடுக்கும் தளங்களில், இரண்டு எண்ணைக் கூட்டும் ஃபங்ஷன் எழுது என்று இருக்கும். இவர்கள் உள்ளே பிரிண்ட் போட்டு எழுதுவார்கள், திரையில் 5 என்று சரியாக வரும், தளமோ தவறு என்று சொல்லும். "கண் முன்னாடி 5 இருக்கு, தப்புன்னு சொல்றாங்களே" என்று கோபப்படுவார்கள், நியாயமான கோபம்தான். நான் சொல்லும் உவமை இது: ஒருவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்து அனுப்புகிறீர்கள், அவர் விடையைச் சுவரில் எழுதிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தால் அது பிரிண்ட். விடையை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுத்தால் அது ரிட்டர்ன். சுவரில் எழுதியதை மனிதர்கள் படிக்கலாம், அடுத்த கணக்குக்கு எடுத்துப் பயன்படுத்த முடியாது. தளம் உங்கள் கையைத்தான் பார்க்கிறது, சுவரைப் பார்ப்பதில்லை. உவமையோடு நிறுத்தக் கூடாது, உடனே ஒரு சோதனை: விடை = கூட்டு(2, 3) என்று எழுதி, அடுத்த வரியில் விடையோடு 1 கூட்டி அச்சிடச் சொல்வேன். முதலில் 5 திரையில் வரும், அதற்கு அடுத்து 6 வர வேண்டிய இடத்தில் டைப் எரர் வரும், கையில் இருந்தது 'நன்' என்பதால். அந்த 5-ம் எரரும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நிற்பதைப் பார்க்கும் நொடியில் முகம் மாறும். இதற்காகப் பைத்தான் டியூட்டர் என்ற இலவசக் கருவியையும் பயன்படுத்துகிறேன், ஃபிலிப் குவோ 2010-இல் உருவாக்கியது. ஒவ்வொரு வரியாக நகர்த்தி, எந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று படமாகக் காட்டும். ஆயிரம் வார்த்தை விளக்குவதைவிட அதில் ஐந்து தடவை 'அடுத்தது' அழுத்துவது நல்லது.

இனி பயிற்சிகளைத் தீர்க்கும் விஷயம். "சிண்டாக்ஸ் எல்லாம் தெரியுது, ஆனா கேள்வியைப் பார்த்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை." இதை நான் கேட்காத மாதமே இல்லை. நான் செய்வது கணினியை மூடச் சொல்வதுதான். ஒரு லிஸ்ட்டில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து எண்களைத் துண்டுத் தாள்களில் எழுதிக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பெரியதைக் கண்டுபிடிக்கச் சொல்வேன், ஒரு நேரத்தில் ஒரு தாள்தான் திறந்திருக்கலாம். எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் கேட்பேன், "உங்க மனசுல என்ன ஞாபகம் வெச்சுக்கிட்டீங்க?" இதுவரை பார்த்ததில் பெரியது என்று பதில் வரும். அதுதான் வேரியபிள். "புதுத் தாள் திறந்ததும் என்ன செஞ்சீங்க?" ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுதான் இஃப். "எத்தனை தடவை?" தாள் தீரும் வரை. அதுதான் லூப். எல்லா எண்ணும் ஒரே பார்வையில் தெரியும்படி பரப்பி வைத்தால் இந்தப் பயிற்சி பலிக்காது, ஏனென்றால் கண் ஒரே நொடியில் பெரியதைப் பிடித்துவிடும், எப்படிப் பிடித்தது என்று நமக்கே சொல்லத் தெரியாது.

இதே கணக்கில் அடுத்த படி இன்னும் முக்கியம். பெரும்பாலானவர்கள் 'பெரியது = 0' என்று தொடங்குவார்கள். 4, 9, 2 கொடுத்தால் 9 வரும், சரி என்று நினைப்பார்கள். -7, -3, -12 கொடுத்துப் பார்க்கச் சொன்னால் 0 வரும், அந்த லிஸ்ட்டில் 0-வே கிடையாது. லிஸ்ட்டின் முதல் எண்ணையே பெரியது என்று வைத்துத் தொடங்க வேண்டும் என்பதை இப்படித் தெரிந்துகொண்டவர்கள் மறப்பதில்லை. அதனால் கோடு எழுதும் முன்பே நாலு சோதனைகள் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் விதி: சாதாரணமான ஒன்று, ஒரே ஒரு உறுப்பு உள்ளது, எதுவுமே இல்லாதது, பிறகு புரோகிராமை உடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு யோசித்த ஒன்று. லீப் வருடப் பயிற்சிக்கு 2023, 2024 மட்டும் போட்டுப் பார்த்தால் நாலால் வகுபட்டால் போதும் என்ற அரைகுறை விதிகூடத் தேறிவிடும். 1900-ம் 2000-ம் போட்டால்தான் நூறு, நானூறு விதிகள் வெளியே வரும். 1900 லீப் வருடம் இல்லை, 2000 லீப் வருடம்.

இந்த உடைக்கும் சோதனை எவ்வளவு அவசியம் என்பதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த உதாரணம், லிஸ்ட்டில் இருந்து இரட்டை எண்களை நீக்கும் பயிற்சி. லூப்பில் போய்க்கொண்டே அதே லிஸ்ட்டில் இருந்து நீக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. 4, 7, 6, 9 கொடுத்தால் 7, 9 மிஞ்சும், சரியான விடை. அக்கா மகள் இதைக் காட்டிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்டாள். 4, 6, 7, 8 போட்டுப் பார் என்றேன். 6, 7 மிஞ்சியது. 6 எப்படித் தப்பித்தது? நான் எதுவும் சொல்லவில்லை. நாலு துண்டுத் தாள்களை வரிசையாக வைத்து, முதல் இடத்தில் விரலை வைத்து, 4-ஐ எடுத்தாள், மீதித் தாள்களை இடது பக்கம் நகர்த்தினாள், விரலை இரண்டாவது இடத்துக்குக் கொண்டு போனாள். அங்கே இருந்தது 7. முதல் இடத்துக்கு நகர்ந்துவிட்ட 6-ஐ விரல் தாண்டியிருந்தது. "சித்தி! நகர்ந்துடுது!" என்று கத்தினாள். முதல் லிஸ்ட்டில் இரட்டை எண்கள் அடுத்தடுத்து இல்லாததால் தவறு மறைந்திருந்தது என்பதையும் அவளே பிடித்தாள். வேண்டியவற்றைப் புது லிஸ்ட்டில் சேர்ப்பது என்ற தீர்வுக்கு அவளுக்கு என் உதவி தேவைப்படவில்லை. நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தில் வேறு எட்டுப் பயிற்சிகளை முடித்திருக்கலாம்தான், ஆனால் எனக்கு அந்த எட்டைவிட இந்த ஒன்று பெரிது.

எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடுவதும் தவறு, ஆரம்பத்தில் நான் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ஸ்ட்ரிங்கைச் சொற்களாகப் பிரிக்க வழி தேடி ஒரு மணி நேரம் தவித்தார், நான் 'யோசிங்க, யோசிங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ப்ளிட் என்று ஒன்று இருப்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, தெரிந்தால்தான் உண்டு. அதற்கு அப்புறம் பிரித்து வைத்துக்கொண்டேன். பெயர், எழுதும் முறை, நூலகத்தில் என்ன இருக்கிறது, இவற்றையெல்லாம் கேட்ட உடனே சொல்லிவிடுவேன். ஏன் இப்படி நடக்கிறது, அடுத்து என்ன செய்வது, இவற்றுக்கு மட்டும்தான் கேள்வியால் பதில். இருபத்தைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் எழுந்து போகச் சொல்வேன். திரும்பி வந்தும் நகரவில்லை என்றால், சரியான விடையின் வரிகளைக் கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொல்வேன். இதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை, டேல் பார்சன்சும் பட்ரீஷியா ஹேடனும் 2006-இல் முன்வைத்தது, பார்சன்ஸ் புதிர் என்பார்கள். வெற்றுத் திரையைப் பார்த்தால் உறைந்துபோகிறவர்களுக்கு இது கைகொடுக்கிறது, எந்த வரி லூப்புக்குள் வர வேண்டும், எது வெளியே என்று மட்டும் யோசித்தால் போதும்.

ஏஐ கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இப்போது வருகிறவர்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது, தடை போடுவதில் அர்த்தம் இல்லை. எரர் செய்தியைப் புரியவைக்கச் சொல்லுங்கள், நீங்கள் எழுதியதை உடைக்கும் சோதனைகளைக் கேளுங்கள், இரண்டும் நல்ல பயன்பாடு. பயிற்சிக் கேள்வியை ஒட்டி விடை வாங்காதீர்கள். வாங்கிக்கொண்டு வருகிறவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. கோடில் ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். சொல்ல முடிந்தால் சரி, அது அவர்களுடையதுதான். முடியவில்லை என்றால் அவர்களுக்கே தெரிந்துவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பயிற்சிகளைச் செய்வது என்றும் கேட்பார்கள். வேலைக்கான நேர்காணல் கேள்விகள் இருக்கும் தளங்களுக்கு முதல் ஆறு மாதம் போக வேண்டாம் என்பது என் கருத்து, அங்கே 'எளிது' என்று போட்டிருப்பது ஆரம்ப நிலைக்காரர்களுக்கு எளிது இல்லை, மனம் உடைந்துதான் திரும்புவார்கள். ஃபிஸ்பஸ் (எண்களை வரிசையாக அச்சிடும்போது மூன்றால் வகுபட்டால் 'ஃபிஸ்', ஐந்தால் வகுபட்டால் 'பஸ்', இரண்டாலும் வகுபட்டால் 'ஃபிஸ்பஸ்' என்று காட்டுவது) இன்றும் நல்ல பயிற்சி, மூன்றுக்கும் ஐந்துக்கும் பொதுவான எண்ணை முதலில் சோதிக்காவிட்டால் 15 வரும்போது தவறும், நிபந்தனைகளின் வரிசை முக்கியம் என்பதை அது ஒன்றே கற்றுத் தந்துவிடும். கணக்கில் விருப்பம் உள்ளவர்களை 2001-இல் தொடங்கிய பிராஜெக்ட் ஆய்லர் என்ற கணக்குப் புதிர்த் தளத்துக்கு அனுப்புவேன். அதன் முதல் கேள்வி, 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. 15-ஐ இரண்டு தடவை கூட்டிவிடுகிறவர்கள் அங்கே பிடிபடுவார்கள்.

கணக்குப் பிரிவுப் பெரியவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அம்மா என்பார். ஒருநாள் தற்செயல் எண் பயிற்சி. நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை, பைத்தானோடு வரும் ரேண்டம் என்ற மாட்யூலில் (தயாராக எழுதி வைத்த கோப்பில்) அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. எனக்கும் புரியவில்லை. "எனக்கும் தெரியலை சார், சேர்ந்தே பார்ப்போம்" என்றேன். கோடை வரி வரியாகப் படித்தோம், புதுக் கோப்பில் ஓட்டினோம், அதிலும் அதே எரர். கடைசியில் ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது, முந்தின நாள் பயிற்சியை 'ரேண்டம்.பை' என்ற பெயரிலேயே சேமித்திருந்தார். பைத்தான் முதலில் அதே ஃபோல்டரில்தான் தேடும், தன்னுடைய ரேண்டமுக்குப் பதில் அவருடைய ரேண்டமை எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றியதும் ஓடியது. அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் கூச்சமில்லாமல் கேட்க ஆரம்பித்தார். எனக்கும் தெரியாது என்று நான் சொன்னதும், எப்படித் தேடுகிறேன் என்று அவர் கூடவே இருந்து பார்த்ததும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பார், பைத்தான் 3 அதை அனுமதிக்கிறது. வட்டி, அசல், மொத்தம் என்று எழுதினால் தனக்குக் கோடு கதை மாதிரி ஓடுகிறது என்பார். தமிழ் மேல் இருக்கும் அந்த ஈடுபாட்டில்தான் ஒருநாள் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார்த்தார். ஊகம் 3. வந்தது 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனிக் குறியீடுகளாக அது உள்ளே இருக்கிறது. திருப்பிப் போட்டால் இன்னும் விபரீதம், புள்ளி அனாதையாக முன்னால் நிற்க, இகரக் குறி ழகரத்தோடு ஒட்டிக்கொண்டு 'ழிமத' என்று வருகிறது. ஓப்பன் தமிழ் என்று இதற்கே ஒரு நூலகம் இருக்கிறது சார் என்றேன். இருக்கட்டும், முதலில் நானே எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் காட்டினார். பதினொரு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் ஒரு ஸ்ட்ரிங்கில் வைத்திருந்தார். சொல்லில் ஒவ்வொரு குறியீடாகப் பார்த்து, அந்தப் பன்னிரண்டில் இல்லை என்றால் மட்டும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. ஐந்தே வரி. 'தமிழ்' கொடுத்தால் 3. நாலு சோதனை விதிப்படி ஒரே எழுத்துச் சொல், வெற்று ஸ்ட்ரிங் எல்லாம் போட்டிருந்தார். நாலாவது, உடைக்கும் சோதனை, 'பக்ஷி'. கண்ணுக்கு ப, க்ஷி என்று இரண்டு, புரோகிராமுக்கு 3, ககரத்தையும் ஷகரத்தையும் தனித்தனியாக எண்ணுகிறது.

"இது ஒரு எழுத்தா ரெண்டாம்மா?" என்றார்.

நான் இருபது எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு எண்ணும்போது, "சரி, இதை நான்தான் முடிவு பண்ணணும் போல" என்று சொல்லிவிட்டு, கோப்பின் மேலே, படிக்கிறவர்களுக்கான குறிப்பாக ஒரு கமென்ட் வரியைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.